நிவாரணப் பொட்டலம் தீர்ந்த பிறகு ஒரு கம்பெனி என்ன செய்யலாம்?

ஆரம்பாக்கத்துல இறால் வியாபாரம் பண்ற அண்ணன் ஒருத்தர், நம்ம நேயர், போன்ல கேட்டார்: "போர்ல ஊரைவிட்டு ஓடினவங்களுக்கு நம்ம மாதிரி சின்ன கம்பெனி என்ன பண்ண முடியும்? பணம் அனுப்பினா போய்ச் சேருமா?" காசா செய்திகளைப் பார்த்துட்டுத்தான் கேட்டார். "அண்ணே, உங்க ஊர்ல ரயில் ஏறி எளாவூர் தாண்டினா கும்மிடிப்பூண்டி. அங்க இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போயிருக்கீங்களா?"னு கேட்டேன். போனதில்லை.

முதல்ல பொருள் உதவி. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல பழைய துணி சாலையோரம் குவிஞ்சு கிடந்தது ஞாபகம் இருக்கா? யாருக்கும் வேண்டாத பொருள் போய்ச் சேர்ந்தா, அதை அப்புறப்படுத்தவே ஆள் வேணும். அதனால முதல் சில வாரங்களுக்குப் பணமாவோ, களத்துல இருக்கிறவங்க கேட்ட பொருளாவோ கொடுங்க. லாரி, குளிர்சாதனக் கிடங்கு வச்சிருக்கிறவங்க அதையே கொடுக்கலாம்.

ஆனா போர் அகதி வாழ்க்கை சில வாரத்துல முடியறதில்ல. 1983 கலவரத்துல தொடங்கி வந்தவங்க, அவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்கன்னு 2021-லயும் தமிழ்நாட்டு முகாம்கள்ல ஏறத்தாழ 58,000 பேர் இருந்தாங்க. அந்த வருஷம் அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிச்சு, குடும்பத் தலைவருக்கான மாத உதவியை 1,500 ரூபாயா உயர்த்தினது. அதுல ஒரு குடும்பம் நடக்குமா? அதான் பெயின்ட் வேலைக்கும் கூலி வேலைக்கும் போறாங்க. 1984-ல சந்திரஹாசன் ஆரம்பிச்ச ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் மாதிரியான அமைப்புகள் பிள்ளைங்க படிப்புக்குத் துணை நின்னதால, பட்டதாரிங்களும் நிறைய பேர்.

சிக்கல் அதுக்கப்புறம்தான். முகாம்ல வளர்ந்த ஒரு தம்பி என்கிட்ட சொன்னார்: இன்டர்வியூ மூணு ரவுண்டும் பாஸ். கடைசியா படிவத்துல 'குடியுரிமை'ங்கிற கட்டம். அதுக்கப்புறம் அந்தக் கம்பெனியில இருந்து போனே வரல. பக்கத்துலயே சிப்காட் இருக்கு. அவர் இப்பவும் பெயின்ட் அடிக்கிறார்.

இதைத்தான் ஒரு கம்பெனியால மாத்த முடியும்னு நான் நினைக்கிறேன். சோபானி தயிர்க் கம்பெனியோட ஹம்தி உலுகாயா 2016-ல ஆரம்பிச்ச டென்ட் கூட்டமைப்பும் அகதிகளை வேலைக்கு எடுக்கச் சொல்லித்தான் பெரிய நிறுவனங்கள்கிட்டப் பேசுது.

நம்ம நாட்டுல 2013 கம்பெனிகள் சட்டப்படி, வருஷம் 5 கோடிக்கு மேல நிகர லாபம் வர்ற கம்பெனி சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். தொழிற்பயிற்சி அந்தக் கணக்குல வரும். சொந்த ஊழியருக்குக் கொடுக்கற சம்பளம் வராது. அதனால பயிற்சி கொடுத்து, சான்றிதழோட போட்டோ எடுத்து, அதோட நிறுத்திடறாங்க. எனக்கு இதுல கோபமே உண்டு.

வேலைக்கு எடுக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். முகாம்ல ஆள் சரிபார்ப்பு நாள் வரும், அன்னைக்கு அவங்க அங்க இருந்தாகணும். அந்த லீவுக்குச் சம்பளம் பிடிக்காதீங்க. புகார் சொல்லத் தயங்குவாங்கன்னு கம்மிக் கூலிக்கு எடுக்கறது உதவியே இல்ல, சுரண்டல். மத்தவங்களுக்குள்ள அதே சம்பளம், அதே பி.எஃப்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கணக்கு எழுத ஒரு பொண்ணு தேடிட்டிருக்கேன். லோடு வர்ற அன்னைக்கு ராத்திரி ஒன்பது ஆயிடும். திரும்பிப் போக ரயில் இருக்குமா, நான்தான் வண்டி ஏற்பாடு பண்ணணுமா?"ன்னார்.

வண்டி ஏற்பாடு பண்ணுங்கண்ணேன்னு சொன்னேன்.