03/04/2025: மார்ச்சா, ஏப்ரலா?

நமக்கு இது ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. அதனால்தான் தேதியை ஓர் ஆப்ஜெக்டாகவும், அதை எழுதிக்காட்டும் முறையைத் தனி கிளாஸாகவும் பிரிக்கிறோம். விருத்தாசலம் பீங்கான் பொம்மைக்கான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சைப் போல: ஊற்றும் களிமண் குழம்பு மாறலாம், அச்சு மாறக்கூடாது.

ஜாவாவின் பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட் இதில்தான் சறுக்கியது. அது தனக்குள் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் திருத்தியது. அதே ஆப்ஜெக்டை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் அழைத்தால், ஒருவர் தேதி இன்னொருவர் ரசீதில் ஏறிவிடலாம். 2014இல் ஜாவா 8உடன் வந்த டேட்டைம்ஃபார்மேட்டர் உருவான பின் மாறாது. இதுவே சரியான வடிவமைப்பு.

ஆனாலும் ஒரு பொறி உண்டு. தேதியின் வடிவத்தைக் குறிக்கும்போது ஆண்டுக்குச் சின்ன 'ஒய்' (y) போட வேண்டும். பெரிய 'ஒய்' (Y) வாரக் கணக்கிலான ஆண்டு. 2024 டிசம்பர் 30 அடுத்த ஆண்டின் முதல் வாரத்தில் சேர்வதால், பெரிய 'ஒய்' போட்டால் ஆண்டு 2025 என்றே அச்சாகும். டெஸ்ட் எழுதும்போது டிசம்பர் கடைசி வாரத் தேதிகளைக் கட்டாயம் சேருங்கள்.