பிரேக்கிற்குத் துணை நிற்கும் வெற்றிடம்

சிரம்பானிலிருந்து கோலப் பிலாவுக்குச் செல்லும் பழைய சாலை, புக்கிட் புத்துஸ் மலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்குவதை நெகிரி செம்பிலான் தோட்ட மக்கள் நன்கறிவர். ஜெலுபுப் பகுதிக்குச் செல்வோர் புக்கிட் தங்கா மலைச் சாலையை அறிவர். தோட்டங்களுக்குள்ளும் செம்பனைக் குலை ஏற்றிய வண்டிகள் இறங்கவேண்டிய சரிவான மண்பாதைகள் பல உள்ளன. இத்தகைய இறக்கங்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிட்டால் எண்ணெய் மிச்சமாகும் என்று எண்ணுவோர் சிலர் இன்றும் உளர். இவ்வெண்ணம் உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடியது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, பிரேக் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் காண்போம்.

நாம் மிதியை அழுத்தும்போது, குழாய்களில் உள்ள பிரேக் எண்ணெய் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கிறது. ஆயினும், பாரமான வண்டியை நிறுத்தக் காலின் வலிமை மட்டும் போதாது. ஆகவே, மிதிக்கு முன்னால் தட்டையான உருண்டைப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. பட்டறைகளில் இதனைப் பூஸ்டர் என்பர். இதன் நடுவே ஒரு சவ்வு உண்டு. சவ்வின் இருபுறமும் காற்று உறிஞ்சப்பட்டு, ஓரளவு வெற்றிடம் நிலவுகிறது. மிதியை அழுத்தியதும் ஓர் அடைப்பான் திறந்து, பின்புறத்தில் மட்டும் வெளிக்காற்றை உள்ளே விடுகிறது. அக்காற்று சவ்வை முன்னோக்கித் தள்ளுகிறது.

காற்றுக்கு அத்தனை வலிமை உண்டா என்று கேட்கலாம். உறிஞ்சுகுழலால் இளநீர் பருகும்போது, அதனை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தமே. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் காற்று ஏறத்தாழ 1 கிலோ எடையளவு அழுத்துகிறது. 25 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சவ்வின் பரப்பு ஏறக்குறைய 490 சதுர சென்டிமீட்டர். அழுத்த வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ என்று கொண்டாலும், காலுக்குத் துணையாகக் கிடைக்கும் விசை ஏறத்தாழ 340 கிலோ ஆகும்!

இவ்வெற்றிடம் எங்கிருந்து வருகிறது? பழைய பெட்ரோல் இயந்திரங்களில் இது செலவின்றிக் கிடைத்தது. முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் காற்று செல்லும் வழியை ஒரு தகடு மூடிவிடும். இயந்திரமோ தொடர்ந்து காற்றை உறிஞ்சும். அதனால் தகட்டிற்கு அப்பால் வெற்றிடம் உண்டாகும். ஒரு குழாயின் மூலம் பூஸ்டர் அதனைப் பெற்றுக்கொள்ளும்.

டீசல் இயந்திரத்தின் முறை வேறு. அதன் வேகம் காற்றை அடைப்பதால் அன்று, எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைப்பதால் கட்டுப்படுத்தப்படுகிறது. காற்று தடையின்றிச் செல்வதால் போதிய வெற்றிடம் பிறப்பதில்லை. எனவேதான், தோட்டங்களில் ஓடும் டீசல் பிக்கப் போன்ற வண்டிகளில் வெற்றிடத்தை உண்டாக்கத் தனிப் பம்பு வைக்கப்படுகிறது. சில வண்டிகளில் இப்பம்பு, ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கியின் பின்புறத்திலேயே இணைந்திருக்கும். அங்கே வார்ப்பட்டை அறுந்தால், மின்கல விளக்கு எரிவதோடு பிரேக்கின் துணையும் போய்விடும். பெரிய லாரிகளில் உள்ள காற்றுப் பிரேக் இதனின்றும் வேறானது. அது அழுத்தி அடைக்கப்பட்ட காற்றால் இயங்குவது.

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் இப்பம்பு இடம்பெற்றுவிட்டது. டர்போ பொருத்திய சிறிய இயந்திரங்களில் காற்று உள்ளே திணிக்கப்படுகிறது. வேறு சிலவற்றில், எரிபொருளைச் சிக்கனப்படுத்தத் தகட்டை இயன்றவரை திறந்தே வைத்திருக்கின்றனர். சிக்கனம் கூடியது, வெற்றிடம் குறைந்தது. மின்சாரக் காரிலோ உறிஞ்சும் இயந்திரமே இல்லை. அவற்றுள் சில மின் பம்பையும், வேறு சில மின்னோடியால் அழுத்தம் தரும் அமைப்பையும் கொண்டுள்ளன.

இப்போது மலை இறக்கத்திற்கு வருவோம். இயந்திரம் நின்றால் பம்பும் நின்றுவிடும். பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று முறை அழுத்தவே போதுமானது. பின்னர் மிதி கல்லைப்போல் இறுகிவிடும். மேலும், கியரில் இருந்தபடி முடுக்கியிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, இன்றைய இயந்திரங்களுக்கு எரிபொருள் செல்வது தானாகவே நின்றுவிடுகிறது. ஆகவே, இயந்திரத்தை நிறுத்துவதால் மிச்சம் ஏதுமில்லை, ஆபத்தே மிச்சம்.

ஓட்டுநர்கள் தாமே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இயந்திரம் ஓடாத நிலையில் மிதியை ஐந்தாறு முறை அழுத்துக. மிதி இறுகியதும் காலை எடுக்காமல் இயந்திரத்தை முடுக்குக. மிதி சற்றே கீழிறங்கினால் துணை கிடைக்கிறது என்று பொருள். இறங்காவிடில் பம்பு, குழாய், பூஸ்டர் ஆகியவற்றைப் பட்டறையில் காட்டாமல் வண்டியை எடுக்கலாகாது.

ஓடும்போது இயந்திரம் நின்றுவிட்டால் அஞ்சவேண்டா. பிரேக் அறவே போய்விடவில்லை. துணை மட்டுமே போயிற்று. மிதியை விட்டுவிட்டு அழுத்தாமல், முழு வலிமையுடன் ஒரே சீராக அழுத்திப் பிடிக்கவேண்டும். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்கவேண்டும். சாவியை மட்டும் வெளியே எடுத்துவிடக்கூடாது. எடுத்தால் திசைதிருப்பும் சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும்.

இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறுவதும், இயந்திரத்தை ஓடவிடுவதும் நல்ல ஓட்டுநரின் இலக்கணம். குலைகளோடு சேர்ந்து மனிதர்களும் அவரை நம்பியே வருகின்றனர்.