கணிப்பொறி கேளாத கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவி ஒருத்தி, தேர்வு முடிவு வெளியான அன்று மாலை கண் கலங்கி வந்து நின்றாள். செய்முறைத் தேர்வுக்கு அவள் வரவே இல்லை என்று மதிப்பெண் பட்டியல் கூறியது. ஆனால் அந்தத் தேர்வில் அவள் மின்னழுத்தமானியைச் சீராக அமைத்து அளவீடுகளைக் குறித்ததை நானே அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முதுநிலைப் படிப்பில் சேர விண்ணப்பிக்கும் கடைசி நாளோ நெருங்கிக் கொண்டிருந்தது.

விசாரித்தபோது உண்மை விளங்கிற்று. அந்த ஆண்டுதான் மதிப்பெண்களைப் பதியும் வேலை புதிய கணிப்பொறி முறைக்கு மாற்றப்பட்டிருந்தது. எங்கள் மதிப்பெண் தாளின் கடைசிப் பக்கம் பதியப்படாமல் விடுபட்டுப் போயிற்று. ஒரு கட்டம் காலியாக இருந்தால் 'வரவில்லை' என்று பொருள் கொள்ளுமாறு அந்த முறையை அமைத்திருந்தார்கள். அது தனக்கு இட்ட கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றியது!

முன்பு அதே வேலையைப் பார்த்து வந்த முதிய எழுத்தர் ஒருவரை நான் அறிவேன். காலிக் கட்டம் ஒன்றைக் கண்டால் அவர் உடனே கல்லூரிக்குத் தொலைபேசி செய்வார். "ஐயா, இந்த எண்ணுக்குரிய பிள்ளை தேர்வுக்கு வந்ததா, இல்லையா?" என்று கேட்பார். கணிப்பொறி அவ்வாறு கேட்கவில்லை. கேட்கும்படி அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. ஏன் கற்பிக்கவில்லை? புதிய முறையைத் திட்டமிட்டவர்கள் அந்த எழுத்தரிடம் சென்று, "நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை. அதுதான் காரணம்.

மாணவ நண்பர்களே! பெரிய நிறுவனங்களில் கணிப்பொறித் திட்டங்கள் தடுமாறும்போது, பழியைப் பெரும்பாலும் பொறியின்மீது போடுகிறோம். ஆனால் தவறு பொறி வந்து இறங்குவதற்கு வெகு முன்பே தொடங்கி விடுகிறது. இதற்கு நல்ல சான்று ஒன்று வேண்டுமானால், கணிப்பொறி வரலாற்றிலேயே பெரும்புகழ் பெற்ற ஓர் ஊருக்கு நாம் செல்ல வேண்டும்.

எட்சாக் பிறந்த ஊர்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை நீங்கள் அறிவீர்கள். நியூட்டன் பணியாற்றிய இடம். எலெக்ட்ரான் கண்டறியப்பட்ட இடம். அங்கே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தலைமையில் உருவான 'எட்சாக்' என்னும் கணிப்பொறி, 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் தன் முதல் கணக்கைப் போட்டது. வர்க்க எண்களின் அட்டவணை ஒன்றை அது அச்சிட்டது. கட்டளைகளையும் எண்களையும் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, ஆராய்ச்சியாளர்களின் அன்றாடத் தேவைக்குப் பயன்பட்ட முதல் கணிப்பொறிகளுள் இதுவும் ஒன்று.

அதன் நினைவகம் எது தெரியுமா? பாதரசம் நிரப்பிய, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய்கள்! பாதரசத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 1,450 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எனவே குழாயின் ஒரு முனையில் தட்டிய துடிப்பு மறுமுனையை அடைய ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். அங்கே அதைப் பிடித்து மீண்டும் முதல் முனைக்கே அனுப்பினால், செய்தி குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்; அழியாது. புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 1962இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் கெண்ட்ரூ, தம் ஆய்வுக் கணக்குகளுக்கு எட்சாக்கைத்தான் நாடினார்.

தேநீர்க் கடை கற்பித்த பாடம்

எட்சாக் உருவாகி வந்தபோது அதற்குப் பொருளுதவி செய்தவர்களுள் ஒரு வியப்பான நிறுவனமும் இருந்தது. இங்கிலாந்து முழுவதும் தேநீர்க் கடைகள் நடத்தி வந்த லயன்ஸ் நிறுவனமே அது. 3,000 பவுன் பணமும், உதவிக்கு ஓர் ஆளும் கொடுத்தது. அதற்குக் கைம்மாறாகக் கேம்பிரிட்ஜில் கற்றதைக் கொண்டு, தன் அலுவலக வேலைகளுக்கென்றே 'லியோ' என்ற கணிப்பொறியைக் கட்டிக்கொண்டது. 1951 நவம்பரில் லியோ, ரொட்டி, கேக் உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிடத் தொடங்கியது.

அடுத்து ஊழியர்களின் சம்பளப் பட்டியல். இதில் தவறு நேர்ந்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியாது. ஆகவே லயன்ஸ் நிறுவனத்தார் அவசரப்படவில்லை. எழுத்தர்கள் வழக்கம்போல் ஒரு பட்டியல் எழுத, கணிப்பொறியும் ஒரு பட்டியல் தயாரித்தது. இரண்டையும் வாரந்தோறும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். நம்பிக்கை பிறந்த பின், 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் வேலையை லியோவிடம் முழுமையாக ஒப்படைத்தார்கள்.

இம்முறைக்கு இணை ஓட்டம் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் புதிய வோல்ட்மீட்டர் ஒன்று வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சரியான அளவு தெரிந்த மின்கலத்தோடு இணைத்து, அது காட்டும் எண்ணைச் சரிபார்த்த பிறகே சோதனைக்கு எடுக்கிறோம் அல்லவா? இணை ஓட்டமும் அத்தகையதே.

அரை நூற்றாண்டுக்குப் பின்

இனி, நாம் சொல்லவந்த நிகழ்ச்சிக்கு வருவோம். முதலில் ஒரு சிறு கணக்கு. உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு 5,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 ரூபாய்க்குக் கம்பிகளும் விளக்குகளும் வேண்டுமென்று கடையில் சொல்லி வைத்துவிட்டீர்கள். பணம் இன்னும் கொடுக்கவில்லை. பெட்டியைத் திறந்தால் 5,000 ரூபாய் இருக்கிறது. ஆனால் நீங்கள் செலவிடக்கூடியது 2,000 மட்டுமே! பெட்டியில் உள்ளதை மட்டும் பார்த்து 4,000 ரூபாய்க்கு வேறு பொருள் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

சொல்லி வைத்ததையும் அப்போதே கணக்கில் கழித்துக் காட்டும் முறை, ஆராய்ச்சி நிதிகளைக் கையாளும் பல்கலைக்கழகத்துக்கு மிகவும் தேவை. கேம்பிரிட்ஜிலோ நூற்றுக்கும் மேற்பட்ட துறைகளும் நிறுவனங்களும் உண்டு. அவை அனைத்தையும் இணைத்து இம்முறையில் கணக்கு வைப்பதற்காக எழுந்ததே 'காப்சா' என்னும் கணிப்பொறித் திட்டம். நோக்கம் நல்லது, தேவையும் உண்மையானது.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில், புதிய நிதியாண்டின் தொடக்கத்தில், காப்சா நடைமுறைக்கு வந்தது. உடனே தொல்லைகளும் வந்தன. கணிப்பொறி மெதுவாக இயங்கியது. தங்கள் ஆராய்ச்சி நிதியில் மீதி எவ்வளவு என்று துறைகளால் அறிய முடியவில்லை. பொருள் கொடுத்தவர்களுக்குப் பணம் போய்ச் சேர்வது தாமதமாயிற்று. துறை அலுவலகங்களில் பணியாற்றியவர்கள் இரவு பகலாக அல்லலுற்றார்கள். திட்டத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 90 இலட்சம் பவுன். அந்நாளைய மதிப்பில் சுமார் 60 கோடி ரூபாய்.

எட்சாக் பிறந்த ஊரிலா இப்படி என்று வியக்கத் தோன்றுகிறது. கணிப்பொறியை ஆக்கும் அறிவு வேறு. ஒரு பெரிய நிறுவனத்தின் வேலையைக் கணிப்பொறிக்கு மாற்றும் அறிவு வேறு. முன்னது மின்னணுவியல், பின்னது பெரும்பகுதி மனிதர்களைப் பற்றியது.

மறைக்காத பெருமை

கேம்பிரிட்ஜ் அடுத்துச் செய்த செயல் போற்றத்தக்கது. வெளியார் இருவரை அழைத்து ஆராயச் சொன்னது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மென்பொருள் பேராசிரியர் ஆண்டனி ஃபிங்கெல்ஸ்டைன் திட்டத்தை ஆராய்ந்தார். வார்விக் பல்கலைக்கழகத்தின் பதிவாளராக இருந்த பேராசிரியர் மைக்கேல் ஷாட்டாக் நிர்வாகத்தை ஆராய்ந்தார். 2001 நவம்பரில் இரு அறிக்கைகளும் பல்கலைக்கழகத்தின் இதழிலேயே, எல்லாரும் படிக்கும்படி வெளியாயின.

அறிக்கைகள் சுட்டிய குறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். என்ன தேவை என்பது தொடக்கத்திலேயே தெளிவாக வரையறுக்கப்படவில்லை. அன்றாடம் அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் கருத்து போதிய அளவு கேட்கப்படவில்லை. சோதனையும் பயிற்சியும் போதவில்லை. குழுக்கள் பல இருந்தும், 'இதற்கு நானே பொறுப்பு' என்று சொல்லக்கூடியவர் யார் என்பது தெளிவாக இல்லை.

தோற்ற சோதனையையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பது அறிவியலின் மரபு. அந்த மரபைத் தன் நிர்வாகத்திலும் கேம்பிரிட்ஜ் காட்டியது. அதனால்தான் கடல் கடந்து வாழும் நாமும் இன்று அதிலிருந்து கற்க முடிகிறது.

ஆள் கூடினால் வேலை குறையுமா?

தடுமாறும் திட்டத்தைக் கண்டால், "இன்னும் சிலரைச் சேர்த்து விரைவாக முடியுங்கள்" என்று சொல்லத் தோன்றும். கிணறு வெட்டுவதற்கு அது பொருந்தலாம். மென்பொருளுக்குப் பொருந்தாது. ஐபிஎம் நிறுவனத்தில் மிகப் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெடெரிக் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும் என்று 1975இல் எழுதினார்.

காரணத்தை நீங்களே கணக்கிடலாம். 5 பேர் ஒருவரோடொருவர் கலந்து பேச வேண்டுமானால் 10 இணைப்புகள் தேவை. 10 பேருக்கு 45. 100 பேருக்கு 4,950! ஆட்கள் 20 மடங்கு ஆகும்போது இணைப்புகள் 495 மடங்கு ஆகின்றன. புதிதாக வந்தவர்களுக்கு வேலையைக் கற்பிக்கும் நேரமும் பழையவர்களின் நேரமே. ஆகவே எண்ணிக்கையால் ஈடுகட்ட முடியாததை, தொடக்கத்திலேயே தெளிவாகத் திட்டமிட்டுத்தான் பெற வேண்டும்.

முழு விலை எவ்வளவு?

மேற்பார்வையின் மற்றொரு பக்கத்தை அமெரிக்காவில் காணலாம். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் அப்போது 23 வளாகங்களைக் கொண்டிருந்தது. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிர்வாகக் கணிப்பொறி முறை ஒன்றை அது மேற்கொண்டது. மாநிலத் தணிக்கையாளர் அதை ஆராய்ந்து 2003 மார்ச்சில் அறிக்கை அளித்தார். ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறை மட்டும் ஆகும் செலவு 39 கோடியே 30 இலட்சம் டாலர் என்று பல்கலைக்கழகம் கணக்கிட்டிருந்தது. அதே ஆண்டுகளில் பராமரித்து இயக்குவதற்கு மேலும் 26 கோடியே 90 இலட்சம் டாலர் ஆகும். அதைத் திட்டச் செலவில் சேர்க்கவில்லை என்று தணிக்கையாளர் காட்டினார். கூட்டினால் 66 கோடியே 20 இலட்சம்! தேவையையும், செலவுக்கேற்ற பயன் உண்டா என்பதையும் முன்கூட்டியே ஆராய்ந்து பதிவு செய்யவில்லை என்பதும் அவருடைய குறை.

மிதிவண்டியின் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, டயருக்கும் எண்ணெய்க்கும் பழுது பார்ப்பதற்கும் ஆகும் செலவை மறந்தாற்போன்றது இது.

நிறுத்துவதற்கும் துணிவு வேண்டும். விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு, ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் டாலர் செலவான பின், தன் புதிய சம்பளக் கணிப்பொறித் திட்டத்தை 2006இல் கைவிட்டது. வேறொரு முறை 2011இல்தான் நடைமுறைக்கு வந்தது. 'இவ்வளவு செலவு செய்துவிட்டோமே' என்ற எண்ணம் நம்மைத் தவறான வழியில் மேலும் நடக்கச் செய்யும். செலவான பணம் திரும்பி வராது. ஆனால் இனிச் செலவாகப் போவதைத் தடுக்கலாம்.

நீங்கள் கேட்க வேண்டியவை

பொதுப் பல்கலைக்கழகத்தின் பணத்தில் மக்களின் வரிப்பணமும் உண்டு. நாளை உங்களில் சிலர் இத்தகைய திட்டங்களை வகுப்பீர்கள். சிலர் தணிக்கை செய்வீர்கள். எல்லாருமே அவற்றைப் பயன்படுத்துவீர்கள். அப்போது ஐந்து கேள்விகளை மறவாதீர்கள். இப்போது இந்த வேலையைக் கையால் செய்பவரைக் கேட்டீர்களா? நல்ல நாளில் மட்டுமன்றி, காலிக் கட்டமும் தவறான எண்ணும் வரும் நாளிலும் சோதித்தீர்களா? பழையதும் புதியதும் சில காலம் அருகருகே ஓடினவா? வாங்கும் விலையோடு வைத்துக் காக்கும் விலையையும் சேர்த்தீர்களா? 'இன்னும் ஆயத்தமாகவில்லை, பொறுங்கள்' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

என் மாணவியின் கதை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? எங்கள் கல்லூரியில் இருந்த மதிப்பெண் தாளின் நகலை எடுத்துக்கொண்டு நான் நேரில் சென்றேன். மூன்று முறை போக வேண்டியிருந்தது. திருத்திய பட்டியல் கைக்கு வந்தது கடைசி நாளுக்கு முந்தைய நாள். அவள் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தாள். இன்று அவளும் ஓர் ஆசிரியை.

அந்த நகலை எடுத்து வைக்கும்படி எங்களுக்குச் சொன்னவர் யார் தெரியுமா? அந்த முதிய எழுத்தர்தான். ஓய்வு பெற்றுச் செல்லும்போது, "எதற்கும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.