உஷார்! இந்த கேப்சூல் குடலின் சளிப்படலத்தைத் தின்னும்!

'எடை குறையும், சர்க்கரை இறங்கும்' என்று ஒரு புரோபயாட்டிக் விளம்பரம் உங்கள் போனில் வந்தால் சட்டென்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள். முதலில் பெயரைப் பாருங்கள். அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்று இருந்தால், கொஞ்சம் நில்லுங்கள். தயிரில் இருக்கிற சாதுவான பாக்டீரியா அல்ல இது. குடலின் உட்சுவரைப் போர்த்திக் காக்கும் வழுவழுப்பான சளிப்படலம்தான் இதற்குச் சாப்பாடு!

அதற்காக இதைக் கெட்ட கிருமி என்றும் சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் அடையாளம் காட்டிய இந்த பாக்டீரியா நம்மில் பலரது குடலில் ஏற்கெனவே குடியிருக்கிறது. அது படலத்தைத் தின்னத் தின்ன, குடல் செல்கள் புதிதாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். உடல் பருமனும் டைப் 2 சர்க்கரையும் உள்ளவர்களிடம் இது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. அங்கிருந்து பிறந்ததுதான் இத்தனை மவுசும்.

ஆனால் விளம்பரம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் பாட்ரிஸ் கானி குழுவினர் மனிதர்களிடம் நடத்திய முதல் சோதனை 2019-ல் வெளியானது. மூன்று மாதம், தினமும் 1,000 கோடி பாக்டீரியா. கடைசி வரை நின்றவர்கள் வெறும் 32 பேர். அதில் இன்சுலின் நன்றாக வேலை செய்ததும் கொலஸ்ட்ரால் குறைந்ததும் யாருக்கு? சூடுகாட்டிக் கொன்ற பாக்டீரியாவைச் சாப்பிட்டவர்களுக்கு! உயிருள்ளதைச் சாப்பிட்டவர்களுக்கு அந்த அளவுக்குப் பலன் இல்லை. எடைக் குறைவோ, உறுதியாகச் சொல்லும்படி யாருக்கும் இல்லை. ஐரோப்பிய யூனியன் 2022-ல் அனுமதித்ததும் கொன்ற வடிவத்தை மட்டுமே. அதுவும் பெரியவர்களுக்குத்தான், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கூடாது. அமெரிக்காவிலோ உயிருள்ள பாக்டீரியாவே கேப்சூலில் விற்பனையாகிறது. செத்ததைக் கொடுத்துக் கிடைத்த பலனைச் சொல்லி உயிருள்ளதை விற்றால், அதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

இதைவிடக் கவலை தருவது 2016-ல் வந்த எலி ஆய்வு. மனிதக் குடல் பாக்டீரியாக்களை எலிகளுக்குள் குடியேற்றி, நார்ச்சத்தே இல்லாத தீனி போட்டார்கள். தின்ன நார் கிடைக்காததால் சளிப்படலத்தைத் தின்னும் கூட்டம் பெருகியது. அதில் அக்கர்மான்சியாவும் உண்டு. படலம் மெலிந்தது. அடுத்து நோய்க்கிருமி ஒன்றை உள்ளே விட்டதும் எலிகளின் குடல் கடுமையாகப் புண்ணாகிப்போனது. கீரை, பயறு பக்கமே போகாமல் பரோட்டாவும் பிரியாணியுமாக ஓட்டுபவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

பார்க்கின்சன் நோயாளிகளின் குடலில் இந்த பாக்டீரியா அதிகமாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது. நோய்க்கு அது காரணமா, நோயின் விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. இம்யூனோதெரபி எடுக்கும் நுரையீரல் புற்றுநோயாளிகளை 2022-ல் ஆராய்ந்தபோது, இந்த பாக்டீரியா ஓரளவு இருந்தவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள். மிதமிஞ்சி இருந்தவர்களுக்கோ ஆயுள் குறைந்தது.

'நல்ல பாக்டீரியாதானே, என்ன ஆகிவிடும்?' என்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சியோடு வந்த சுமார் 300 பேரில் பாதிப் பேருக்குச் சாதாரண புரோபயாட்டிக் கலவையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: புரோபயாட்டிக் பெற்றவர்களில் 24 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 9 பேர்.

குடல் புண், குடல் அழற்சி உள்ளவர்கள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் அக்கர்மான்சியா கேப்சூலைத் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினே குடலில் இந்த பாக்டீரியாவைக் கூட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன! ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அடுத்த கேப்சூலை விழுங்குமுன் பாட்டிலை உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.