கப்பலேறிய கூலியின் சுவடு

அரசர்க்கும் புலவர்க்கும் வரலாறு உண்டு. ஏர் பிடித்த பாட்டனுக்கு வரலாறு எழுதியவர் யார்? இங்கிலாந்து தேசத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பேரன் இக்கேள்விக்கு எளிதில் விடை காண்பான். அந்நாட்டு மாதாகோயில்களில் 1538 முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவை ஏட்டில் பதியப்பட்டன. 1837 முதல் அரசாங்கமே பிறப்பு இறப்புகளைப் பதிந்து வருகிறது. 1841-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் வீட்டுக்கு வீடு ஆட்களின் பெயரும் தொழிலும் குறிக்கப்பட்டுள்ளன. நம் நாட்டு உழவனுக்கு அத்தகைய தொடர்ச்சியான சான்று கிடையாது. ஆயினும் ஏழையருள் ஒரு சாராரைப் பற்றி மட்டும் எழுத்துச் சான்று ஏராளமாக உண்டு. அவர்களே கடல் கடந்து சென்ற ஒப்பந்தக் கூலிகள். அச்சான்றுகள் எழுதப்பெற்ற முக்கியத் துறைமுகங்களுள் ஒன்று, நாம் இன்று வாழும் கொல்கத்தா.

ஆங்கிலேயர் ஆட்சியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த காலத்தில், கரும்புத் தோட்ட முதலாளிகள் இந்தியத் தொழிலாளரை நாடினர். 1834-இல் 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேருடன் மொரீஷியஸ் தீவை அடைந்தது. பின்னர் கயானா, டிரினிடாட், நேட்டால், சூரினாம், பிஜி எனப் பல திசைகளுக்கும் கப்பல்கள் சென்றன. 1917-இல் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. தமிழரிற் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறினர். நேட்டாலுக்கு முதற்கப்பலாகிய 'ட்ரூரோ' சென்னையிலிருந்து 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. கல்கத்தாவிலிருந்து 'பெல்விடேர்' என்ற கப்பல் பத்து நாள் கழித்துச் சேர்ந்தது.

கப்பலேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு ஆகியவை அதில் இடம்பெற்றன. கூலி ஓடிவிட்டால் பிடிப்பதற்கும், கணக்குத் தீர்ப்பதற்கும் எழுதப்பட்ட அடையாளங்களே இவை. ஊரிலேயே தங்கிய அண்ணனைப் பற்றி ஒரு வரியும் இல்லாதிருக்க, கப்பலேறிய தம்பியின் தழும்பு வரை ஏட்டில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

தேடுவோர் அக்கரையிலிருந்து தொடங்குதல் நலம். குடியேறிய நாட்டுப் பதிவேட்டில் கூலியின் எண்ணைக் கண்டால், அதைக் கொண்டு கப்பலின் பெயரையும், கப்பலைக் கொண்டு கிராமத்தையும் அறியலாம். மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிலையம் இப்பதிவேடுகளைப் புகைப்படங்களுடன் பாதுகாத்து வருகிறது. பிஜியில் ஒப்பந்தக் கூலியின் பேரனாகப் பிறந்த வரலாற்றறிஞர் பிரிஜ் லால், கல்கத்தாவிலிருந்து அத்தீவுக்குச் சென்ற 45,439 பேரின் சீட்டுகளை ஆராய்ந்து, 1983-இல் நூல் வெளியிட்டார். அவர்களிற் பலர் சொந்த ஜில்லாவில் அல்லாமல் வேறு ஜில்லாவில் பதிவானவர்கள் என்று அவர் காட்டினார். வேலை தேடி அவர்கள் முன்னரே வீட்டைவிட்டு வெளியேறியிருந்தனர். ஆகவே பதிவான ஊரைப் பிறந்த ஊர் என்று கொள்ளலாகாது.

பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். முனிசாமி 'மூன்சாமி' ஆனார். ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனார். ஒருவரின் சொந்தப் பெயரே பிற்காலத்தில் குடும்பப் பெயராகவும் நிலைத்தது. நேட்டாலில் வடநாட்டார் அனைவரும் 'கல்கத்தியா' என்றும், தென்னாட்டார் அனைவரும் 'மதராசி' என்றும் அழைக்கப்பட்டனர். லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழர்களுக்கு இவ்வகை அழைப்பு புதிதன்று!

சீட்டு சொல்லாதனவும் உண்டு. 1903-இல் சுஜாரியா என்ற பெண்மணி கருவுற்ற நிலையில் தனியே கல்கத்தாவில் 'கிளைட்' கப்பலேறிக் கயானா சென்றார். வழியில் கப்பலிலேயே மகனைப் பெற்றார். அவருடைய கொள்ளுப்பேத்தி கைத்ரா பகதூர் இவ்வரலாற்றைத் தேடி 2013-இல் நூலாக்கினார். சீட்டில் ஊரும் வயதும் இருந்தன. அவர் ஏன் புறப்பட்டார் என்பதற்கு அதில் இடமில்லை. எழுதியவரின் தேவைக்கேற்பவே ஆவணம் பேசும்.

இத்தேடல் வெறும் பொழுதுபோக்கன்று. மொரீஷியஸில் வாழும் இந்திய வம்சாவளியினரின் ஏழாம் தலைமுறைக்கும் கடல்கடந்த இந்தியக் குடியுரிமை அட்டை வழங்கப்படும் என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அங்கே அறிவித்தார். அத்தகைய உரிமைக்குப் பழைய பதிவுகளே துணை. கொல்கத்தாவிலும் ஹூக்ளிக் கரையில், கிதர்ப்பூர் பக்கம், 2011-இல் ஒப்பந்தக் கூலிகளுக்கு நினைவுக் கல் நாட்டப்பட்டது.

ஊர்விட்டு வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் பிள்ளைகள் வங்காள மண்ணில் வளர்கின்றனர்; பாட்டனாரின் கிராமப் பெயரைப் பலர் கேட்டதுமில்லை. வீட்டில் முதியவர்கள் இருக்கும்போதே, முன்னோர் பெயர், ஊர், வட்டம், ஊரைவிட்ட ஆண்டு, விட்ட காரணம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழிலேயே எழுதிவைப்போமாக. காரணத்தை மறவாமல் எழுத வேண்டும். அதை எந்த அலுவலகமும் நமக்காக எழுதிவைக்கப் போவதில்லை.