இரும்பு தூக்கக் கற்கும் இளையோர்க்கு

பளுதூக்கும் பயிற்சிக்குப் போகிறேன் என்று வீட்டுப் பிள்ளை சொன்னதும் பெற்றோர் மனத்தில் எழும் முதல் அச்சம், வளர்த்தி நின்றுவிடுமே என்பதாகும். அடுத்த அச்சம் முதுகெலும்பைப் பற்றியது. பெண்பிள்ளையாயின் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். அதைப் பெற்றோர் வாய்விட்டுச் சொல்லத் தயங்கினாலும் அண்டை வீட்டார் சொல்லிவிடுவர்.

இம்மூன்றனுள் முதல் அச்சத்திற்கு ஆதாரம் இல்லை. தகுந்த பயிற்றுநரின் கண்காணிப்பில் முறையாகப் பயிலும் சிறுவர் சிறுமியரின் வளர்த்தி அதனால் குன்றுவதில்லை என்பதை இன்றைய மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. மூன்றாவது அச்சத்திற்குக் கர்ணம் மல்லேஸ்வரி 2000-ஆம் ஆண்டில் சிட்னி நகரிலேயே விடை கூறிவிட்டார். அங்கு 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார் அவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றதும் அந்த ஆண்டில்தான்.

ஆனால் முதுகைப் பற்றிய அச்சத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது. தவறாகத் தூக்கினால் முதுகு கெடும், தோள் கெடும், முழங்கால் கெடும். அதைவிடப் பெரிய கேடு, பதினெட்டு வயதில் பெயர் வாங்க வேண்டிய பிள்ளை பதினாறிலேயே வெறுத்து விலகிவிடுவது. எனவே இப்பயிற்சியை எப்படித் தொடங்குவது, எவ்வாறு வளர்ப்பது என்பதைச் சற்று விரிவாகவே கூற விழைகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். ஆணழகன் போட்டி வேறு, வலுதூக்கும் போட்டி வேறு, ஒலிம்பிக்கில் நடைபெறும் பளுதூக்குதல் வேறு. ஒலிம்பிக் முறையில் இரண்டே வகைகள் உள்ளன. தரையில் கிடக்கும் தண்டை ஒரே வீச்சில் தலைக்குமேல் கைகள் நிமிர்ந்து நிற்குமாறு தூக்குவது ஸ்னாட்ச். முதலில் தோள்வரை கொணர்ந்து, பின் அங்கிருந்து தலைக்குமேல் செலுத்துவது கிளீன் அண்ட் ஜெர்க். 1972 மியூனிக் ஒலிம்பிக் வரை பிரஸ் என்னும் மூன்றாவது வகையும் இருந்தது. வீரர்கள் முதுகைப் பின்னுக்கு வளைத்துத் தூக்கலாயினர். எது முறை, எது முறைகேடு என்று நடுவர்களால் தீர்க்கமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே அதை எடுத்துவிட்டனர். முதுகின் நலம் கருதுவோர்க்கு இது ஒரு நல்ல மாற்றமே.

இவ்விளையாட்டின் உட்பொருள் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எளிதில் விளங்குவதில்லை. வீரர் தம் கைவலிமையால் இரும்பைத் தலைவரை இழுக்கிறார் என்றே நாம் எண்ணுகிறோம். உற்று நோக்கினால் வேறொன்று புலப்படும். கால்களால் தரையை மிதித்துத் தள்ள, தண்டு முழங்காலைக் கடந்து தொடையை ஒட்டி ஏறுகிறது. அங்கே இடுப்பும் முழங்காலும் ஒருசேர நிமிர்கின்றன. அந்த வேகத்தில் தண்டு மார்பளவு எழும்புவதற்குள், வீரர் மின்வெட்டும் நேரத்தில் அதன் அடியில் புகுந்து குந்தி அமர்ந்துவிடுகிறார். பிறகு எழுந்து நிற்கிறார். கைகளோ பெரும்பாலும் கயிறு போலத் தொங்க வேண்டியவை. புதிதாய்க் கற்கும் பையன்கள் ஏறக்குறைய அனைவரும் செய்யும் பிழை, முழங்கையை முன்கூட்டியே மடக்கி இழுப்பதுதான். அவ்வாறு இழுத்தால் கால்களின் விசை தண்டுக்குப் போய்ச் சேராது, தோளும் நோகும்.

ஆதலின் முதல் சில வாரங்களுக்கு இரும்பே வேண்டாம். ஒரு மரக்கோல் போதும். துடைப்பக் கட்டையாயினும் தாழ்வில்லை. ஆண்களின் தண்டு மட்டுமே 20 கிலோ எடையுள்ளது, பெண்களுடையது 15 கிலோ. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுவே பெரும் பாரம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கோலைத் தலைக்குமேல் அகலப் பிடித்து, குதிகால் தரையை விட்டு எழாமல், முதுகு கூனாமல் முழுவதும் குந்தி எழக் கற்கட்டும். நம் பழைய தேகப்பயிற்சி சாலைகளில் பஸ்கி எடுத்துப் பழகியவர்களுக்கு இது விரைவில் கைவரும். கணுக்கால் இறுகியவர்களுக்கு நாளாகும். பளுதூக்குவோர் குதிப்பகுதி சற்று உயர்ந்த, அடிப்பாகம் உறுதியான காலணி அணிவதன் காரணமும் இதுவே. ஓட்டப்பந்தயத்திற்கான மெத்தென்ற காலணி இங்கு உதவாது. பாரம் ஏற ஏற அது ஆட்டம் காணும்.

அடுத்துப் பிடி. பெருவிரலைத் தண்டின்மீது படிய வைத்து, அதன்மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் போட்டுப் பூட்ட வேண்டும். இதை ஹுக் பிடி என்பர். தொடக்கத்தில் பெருவிரல் கடுமையாக வலிக்கும். இரண்டொரு வாரங்களில் பழகிவிடும். அந்த வலிக்கு அஞ்சி வேறு பிடியில் பழகியவர்கள் பின்னர் மாற்றிக்கொள்ளப் படும் பாடு மிகுதி.

தூக்கக் கற்பிக்கும் முன் விடக் கற்பிக்க வேண்டும் என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்கிறோம். ஸ்னாட்ச் தவறினால் தண்டை முன்னால் தள்ளிப் பின்னால் விலகுவதா, பின்னால் விட்டு முன்னே பாய்வதா என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெறுந்தண்டோடு இதைப் பலமுறை பழக்கினால் பாதி விபத்துகள் நேராமற் போகும். பயிலும் இடத்தில் மரப்பலகை மேடையும் ரப்பர் பூசிய எடைத்தட்டுகளும் இருக்கின்றனவா என்று பெற்றோர் நேரில் போய்ப் பார்ப்பது நலம். வெறும் சிமெண்டுத் தரையில் இரும்புத் தட்டுகளோடு பயின்றால், தரையைக் காப்பாற்றும் எண்ணத்தில் பிள்ளை தவறிய பளுவையும் விடாமல் பற்றிக்கொண்டிருப்பான். தோளும் முதுகும் கெடுவது அப்போதுதான்.

இனிப் பாரத்திற்கு வருவோம். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி தொடக்கத்திற்குப் போதும். ஒரு பையன் ஸ்னாட்சில் அதிகபட்சம் 60 கிலோ தூக்கக்கூடியவன் என்று வைத்துக்கொள்வோம். அவன் பயிற்சியின் பெரும்பகுதி 42 முதல் 48 கிலோவுக்குள் நடைபெற வேண்டும். அதாவது நூற்றுக்கு எழுபதிலிருந்து எண்பது வரை. ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று தூக்கு, பின் இரண்டு மூன்று நிமிட ஓய்வு, மறுபடியும் அதே. இவ்வாறு ஐந்தாறு சுற்று. இதில் பார்ப்பவர் கைதட்ட ஒன்றுமில்லை என்பது உண்மையே. ஆயினும் உடல் ஓர் இயக்கத்தைக் கற்பது திரும்பத் திரும்பச் சரியாகச் செய்வதனால். தவறிய தூக்கும் உடலுக்கு ஒரு பாடம்தான்; அது தவறையே கற்பிக்கும் பாடம். ஒரே எடையில் இரண்டு முறை தவறினால் அன்றைக்கு எடையைக் குறைத்துவிட வேண்டும். மூன்றாவது முறை ஆத்திரத்தோடு தூக்குவதை எந்த நல்ல பயிற்றுநரும் அனுமதியார்.

தூக்கு முடிந்தபின் கால் பலத்திற்கான பயிற்சி. தண்டை முன்தோளில் தாங்கிக் குந்தி எழுவதும், பின்தோளில் தாங்கிக் குந்தி எழுவதும் இதில் தலையாயவை. கிளீனில் தோள்வரை கொணரும் எடையைவிடச் சற்றுக் கூடுதலான எடையோடு முன்தோளில் தாங்கி எழ முடியாவிட்டால், ஜெர்க் செய்யுமுன்பே கால்கள் சோர்ந்துவிடும். வயிற்றுத் தசைகளுக்கும் கீழ்முதுகுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவரச் சொல்லுங்கள்: எத்தனை கிலோ, எத்தனை தடவை, எங்கே வலித்தது, எத்தனை மணி நேரம் உறங்கினான். பத்து ரூபாய்க் குறிப்பேடு செய்யும் வேலையை விலையுயர்ந்த கருவிகள் பல செய்வதில்லை.

மணிப்பூர் மாநிலத்தின் நோங்போக் காக்சிங் என்னும் சிற்றூரில் பிறந்த மீராபாய் சானுவின் வரலாறு இங்கு நினைக்கத் தக்கது. இம்பாலில் உள்ள பயிற்சிக் களத்திற்குச் செல்ல வசதியின்றி, மணல் ஏற்றிச் செல்லும் லாரிகளில் இடம் கேட்டுப் போய்வந்த பெண் அவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 48 கிலோ பிரிவில் ஆறு முயற்சிகளில் ஒன்றே தேறியது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்றும் தவறியதால் மொத்த எடையே பதிவாகவில்லை. அத்தோடு முடிந்தது என்று பலர் எண்ணினர். அவரோ மறு ஆண்டு அமெரிக்காவின் அனஹைமில் நடந்த உலகப் போட்டியில் 194 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கீழ்முதுகு வலி அவரை ஆசிய விளையாட்டிலிருந்து விலக்கி வைத்தது. 2020-இல் அமெரிக்கா சென்று, முன்னாள் பளுதூக்கும் வீரரான உடலியக்கச் சிகிச்சையாளர் ஒருவரிடம் தம் உடலை ஆராயச் செய்தார். உடலின் இருபுறத் தசைகளும் சமமாக இயங்கவில்லை என்பதே கோளாறு என்று தெரிந்தது. உலகச் சாம்பியனாக இருந்தவர் பின்வாங்கிச் சின்னஞ்சிறு திருத்தப் பயிற்சிகளில் காலம் கழித்தார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார்; அவ்வாண்டு ஜூலையில் டோக்கியோவில் 87-ம் 115-ம் ஆக 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். ஊர் திரும்பியதும் அந்நாளைய லாரி ஓட்டுநர்களைத் தேடி அழைத்து விருந்தளித்தது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

வலியைச் சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளும் வழக்கம் நம் பயிற்சிக் கூடங்களில் இன்னும் ஒழியவில்லை. பயிற்சிக்கு மறுநாள் தொடையும் முதுகும் பரவலாக நோவது இயல்பே; இரண்டு மூன்று நாட்களில் அடங்கும். ஒரே மூட்டில், ஒரே புள்ளியில், தூக்கும்போதெல்லாம் குத்தும் வலி வேறு வகை. அதனை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உணவைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. கடுமையாகப் பயிலும் ஒருவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் இருந்தால் நன்று. முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. மீன், பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, பால், தயிர் ஆகியவற்றோடு வயிறு நிறையச் சோறும் இருந்தால் நடுத்தரக் குடும்பத்தின் அடுக்களையே இதற்குப் போதும். டப்பாக்களில் விற்கும் மாவுப் பொருள்கள்மேல் நமக்கு நம்பிக்கையில்லை. அவற்றுட் சிலவற்றில் தடைசெய்யப்பட்ட மருந்துகள் கலந்திருந்த நிகழ்ச்சிகள் உண்டு. சோதனையில் அகப்பட்டால், தெரியாமல் உண்டேன் என்பது எளிதில் எடுபடாது. தம் உடலில் காணப்படும் எதற்கும் வீரரே பொறுப்பு என்பது விதி. ஜலதோஷத்திற்குத் தரும் சில மாத்திரைகள்கூட அப்பட்டியலில் வருகின்றன. ஆகையால் மருத்துவரிடம் செல்லும்போது, பிள்ளை போட்டியில் கலந்துகொள்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊக்கமருந்தால் இவ்விளையாட்டு அடைந்த இழுக்கு கொஞ்சமன்று. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனைகள் இருவர் பிடிபட்டனர். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் 94 கிலோ பிரிவில் நடந்ததோ நம்பற்கரியது. பல்லாண்டுகளுக்குப் பின் மாதிரிகளை மறுபடி சோதித்தபோது முன்னணியில் இருந்தவர்கள் வரிசையாக நீக்கப்பட்டனர். ஐந்தாம் இடத்தில் இருந்த ஈரானியருக்குத் தங்கம் போயிற்று; எட்டாம் இடத்தவர் வெள்ளியும் ஒன்பதாம் இடத்தவர் வெண்கலமும் பெற்றனர். நேர்மையாகத் தூக்கிய அவர்களுக்கு மேடையும் கிட்டவில்லை, அன்றைய ஆரவாரமும் கிட்டவில்லை.

போட்டிக்காக உடல் எடையைக் குறைப்பதிலும் எச்சரிக்கை தேவை. இங்கு எடை பார்ப்பது போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்புதான். முதல் நாள் முழுவதும் தண்ணீர் குடியாமல் வாடிய உடல் அந்த இரண்டு மணி நேரத்தில் தேறிவிடாது. வளரும் வயதில் பிள்ளை எந்தப் பிரிவில் இயல்பாக நிற்கிறானோ அதிலேயே தூக்கட்டும்.

மேடையில் ஒவ்வொரு வகைக்கும் மூன்று முயற்சிகள் உண்டு. முதல் முயற்சியின் எடை, காய்ச்சலோடு வந்தாலும் தூக்கிவிடலாம் என்னும் அளவில் இருக்க வேண்டும். அதில் தேறினால் மனம் அமைதியடையும். எஞ்சிய இரண்டில் துணியலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் 199 கிலோ தூக்கி நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் பெற்ற தாய்லாந்துப் பெண் தூக்கியது 200. ஒரு கிலோ வேறுபாடு எத்தகையது என்பதை இவ்விளையாட்டினர் அறிவர்.

நம் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர். தந்தையாரும் பளுதூக்கியவரே. 2018-இல் கோல்டு கோஸ்ட் நகருக்குச் செல்லுமுன் தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது அவர் தொடையில் காயம் பட்டிருந்தது. வலியோடுதான் மேடையேறினார். ஸ்னாட்சில் 144, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173, மொத்தம் 317 என்று நின்றபோது, அவரைத் தொடர்ந்து வந்த இங்கிலாந்து வீரரின் கடைசி முயற்சிகள் தவறின. தங்கம் உறுதியாயிற்று. சதீஷுக்கு இன்னும் ஒரு முயற்சி மீதம் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.