ஒரே வளவில் இரு அத்திவாரங்கள்

எமது வன்னிக் கிராமங்களில் மூத்தவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் அருகிலேயே இளையவளுக்கும் ஒரு வீடு எழுவது வழமை. 2012 ஒக்தோபர் 2ஆம் திகதி பயனாளிகளே கட்டும் முறையில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில், குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அன்று சிறுபிள்ளைகளாயிருந்தோர் இன்று கலியாண வயதில் நிற்கின்றனர். ஆகவே அவ்வீடுகளை ஒட்டி இன்னொரு அத்திவாரம் வெட்டப்படுகின்றது.

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஒரு தாயார் தமது வீட்டுச் சுவரை எமக்குக் காட்டினார். விரல் நுழையுமளவு வெடிப்பு. பழைய அத்திவாரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அதைவிட இரண்டு அடி ஆழமாக, சுவரின் நீளம் முழுவதற்கும் ஒரே நாளில் கிடங்கு வெட்டியிருந்தனர். சீமெந்து வாங்கக் காசு பிந்தியது. கார்த்திகை மழை முந்திக்கொண்டது. புது வீட்டுக்கென்று சேர்த்த சீட்டுக் காசு பழைய வீட்டைத் திருத்தப் போயிற்று. கலியாணமும் தள்ளிப் போனது.

மேசன் கெட்டிக்காரர்தான். தவறு மண்ணுக்குள் நடந்தது. அத்திவாரம் தாங்கும் பாரம் நேர் கீழே மட்டும் இறங்குவதில்லை. இரண்டு அடி ஆழத்துக்கு ஏறத்தாழ ஓரடி வீதம் இரு பக்கமும் விரிந்து செல்கின்றது. அந்த மண்ணைப் பக்கத்தில் வெட்டி எடுத்தால், பழைய வீட்டின் தாங்கலையே எடுத்துவிடுகின்றோம். மழைநீர் தேங்கினால் எஞ்சிய மண்ணும் இளகிச் சரியும்.

இதற்கு இந்திய நியமக் கோவை 1904 (1986) ஓர் எளிய அளவு சொல்கின்றது. மணற்பாங்கான மண்ணில், இரு அத்திவாரங்களின் கீழ் விளிம்புகளை இணைக்கும் கோடு, இரண்டு அடி தூரத்துக்கு ஓரடி இறக்கம் என்பதைவிடச் செங்குத்தாக இருக்கலாகாது. அதாவது, புதியது இரண்டு அடி கூடுதல் ஆழமாயின் இடைவெளி குறைந்தது நான்கு அடி. அத்தாயாரின் வளவில் இடமிருந்தது; சொல்லத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

இடமில்லையெனில் என் செய்வது? புதிய அத்திவாரத்தைப் பழையதன் மட்டத்திலேயே நிறுத்துங்கள். கிடங்கை நாலடி நாலடியாக வெட்டி, ஒரு துண்டைக் கட்டி முடித்த பின்பே அடுத்ததைத் தொடுங்கள். மாரியில் வெட்டாதீர்கள். மட்டம் ஒன்றானாலும் பாரங்கள் மண்ணுக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பழைய வீடு இறங்கி அமர்ந்துவிட்டது. புதியது இனித்தான் அமரும். எனவே இரு சுவர்களையும் பிணைத்துக் கட்டாமல் சிறு இடைவெளி விடுங்கள். தூண்கள் மிக நெருங்கினால் இரண்டுக்கும் ஒரே கொங்கிறீற் அடித்தளம் தேவைப்படலாம். களிமண் நிலமோ ஈரத்தில் வீங்கி வெயிலில் சுருங்கும். இவ்விரண்டிலும் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கேட்காமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. எமது வளவுகளில் தூர்ந்த கிணறும் மூடிய பதுங்கு குழியும் உண்டு. அவற்றை நிரப்பிய மண் இறுகியதன்று. அதன்மேல் விழும் அத்திவாரம் ஒரு பக்கமாகத் தாழும். அவை எங்கே இருந்தன என்பது எந்த வரைபடத்திலும் இராது. வீட்டிலுள்ள முதியோருக்கே தெரியும். நூல் பிடிக்குமுன் அவர்களைக் கையோடு அழைத்து வந்து வளவைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.